வளையல் வரைக்கும் ஸ்வெட்டர்

எங்கள் தெருவில் யாருக்காவது குழந்தை பிறந்தால் மூன்றாம் நாளே யுவராணி அக்கா ஒரு பையோடு வந்து நிற்பார். பையில் உல்லன் ஸ்வெட்டர், உல்லன் குல்லா, உல்லன் காலுறை. மாதம் சித்திரையா, வைகாசியா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. அதைப் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்துவிடும். அதனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே குழந்தையை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போய், "இப்பத்தாங்கக்கா தூங்குச்சு" என்று சொல்லிவிடுவார்கள். என் மகளையும் நாங்கள் அப்படித்தான் காப்பாற்றினோம்.

நான் தமிழ்ச்செல்வன். பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாண ஆல்பம், காதுகுத்து பிளக்ஸ் எல்லாம் உண்டு. அக்காவின் ஸ்வெட்டர்களைப் போட்டோ எடுப்பதும், அவருக்கு வரும் மெயிலைப் படித்துச் சொல்வதும், பதில் தட்டுவதும் என் தலையில் விழுந்து எட்டு வருடமாகிறது. எப்படி விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் பிரிண்ட் எடுக்க வந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்வெட்டர் பின்னுகிறவர் என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். பின்னுவது அடுத்த வேலை. ஊசியில் விழும் எந்தக் கண்ணியில் எந்த நிறம் வர வேண்டும், எத்தனை கண்ணி தள்ளிப் படம் திரும்பி வர வேண்டும், கழுத்தில் வட்டமாகச் சுற்றும்போது படத்தின் தலையும் வாலும் எங்கே ஒட்ட வேண்டும், இதையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக வரைந்து கணக்குப் பண்ணுவதுதான் அவர் தொழில். அந்தக் கட்டப்படத்தை வாங்கி உலகத்தில் யார் வேண்டுமானாலும் பின்னிக்கொள்ளலாம். இப்படி ஒரு தொழில் இருப்பதே எங்கள் ஊருக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் நம்பவில்லை.

அவர் கணவர் மாதவராஜ் அண்ணன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வடக்கே மலைப்பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அக்கா பின்னக் கற்றுக்கொண்டார். முதல் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டார். இரண்டாம் குளிர்காலத்தில் குறை சொல்ல ஆரம்பித்தார். "எல்லாரும் ஒரே டைமன் டிசைன் தான் தம்பி. குவார்ட்டர்ஸ்ல நூறு குடும்பம், நூறு ஸ்வெட்டர்லயும் அதே டைமன். எனக்குப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிச்சிடுச்சு." அன்றைக்குப் பிள்ளைகளின் கணக்கு நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தவர்தான். அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பினார். குளிர் அங்கேயே நின்றுவிட்டது, ஊசி மட்டும் கூட வந்துவிட்டது.

எங்கள் ஊர் வெயிலில் உல்லனைத் தொடுவதற்கே தைரியம் வேண்டும். அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து இரண்டு காலையும் அதில் விட்டுக்கொள்வார். கழுத்தில் ஈரத்துண்டு. உள்ளங்கை வேர்த்தால் நூல் ஊசியில் நகராது, அதனால் பக்கத்திலேயே வேர்க்குரு பவுடர் டப்பா. ஊசிகள் வேலை இல்லாத நேரத்தில் கொண்டையில் இருக்கும், ஐந்தும். கையில் வளையல் கிடையாது. ஊசியில் இடித்துச் சத்தம் போடுகிறது என்று கழற்றி வைத்துப் பல வருடமாகிவிட்டது. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வரைந்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அக்காவிடம் ஒரு முறை உண்டு. பின்னிய துண்டை வீட்டு கேட்டுக்கு மேலே இருக்கும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். ஜன்னலுக்கு உள்ளே வாளியோடு உட்கார்ந்துகொள்வார். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பார். தனித்தனியாக வந்த மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் படம் பாஸ். அண்ணன் ஓட்டு மட்டும் செல்லாது. "என்னா தெரியுது?" என்று கேட்டால், "நீ என்னா போட்டியோ அதுதான் தெரியுது" என்பார்.

முதல் வருடம் வெள்ளாடு போட்டார். நோட்டில் அது அருமையான வெள்ளாடு, நானே பார்த்தேன். பின்னித் தொங்கவிட்டதும் பால்காரர் சென்றாயன் வண்டியை நிறுத்தி, "என்னாங்கக்கா, பன்னி வளக்கப் போறீங்களா?" என்றார். அடுத்து வந்த இரண்டு பேரும் பன்றி என்றே சொன்னார்கள். விஷயம் என்னவென்றால், நோட்டில் கட்டம் சதுரமாக இருக்கும்; பின்னலில் ஒரு கண்ணிக்கு அகலம் அதிகம், உயரம் குறைவு. எதை வரைந்தாலும் தலையில் ஒரு தட்டுத் தட்டியது போல் குட்டையாகிவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு அக்கா எல்லாவற்றையும் நெட்டையாக வரைய ஆரம்பித்தார். நோட்டில் ஒட்டகச்சிவிங்கி வரைந்தால்தான் பின்னலில் ஆடு வரும். மயில் மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை. நான்கு பேர் அதைக் குக்கர் என்றார்கள். நான்கு பேர் ஒரே பெயரைச் சொல்லிவிட்டதால் அது பாஸ்தானே என்று கேட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "குக்கர்னே பேர் போட்டு அனுப்புங்க தம்பி" என்றார்.

அனுப்பியது வடக்கே ஒரு உல்லன் கம்பெனிக்கு. ஆறு வருடம் அவர்களுக்குக் கட்டப்படம் போட்டுக் கொடுத்தார். அவர்கள் அதை அச்சடித்து நூலோடு சேர்த்து விற்பார்கள். ஆனால் வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொரு முறை அச்சுத்தாள் வரும்போதும் அக்கா முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட என்னைப் படிக்கச் சொல்வார். வாஷிங் மெஷினில் போடாதீர்கள் என்று இருக்கும். "எம்பேரு ஒரு எடத்துலயாச்சும் தனியா வரணும் தம்பி" என்றார் ஒருநாள். "ரேசன் கார்டுல கூட அவரு பேருக்குக் கீழதான் இருக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவருக்கு அது நிஜமான ஏக்கம்.

போன வருடம் தை மாதத்தில் அந்த மெயில் வந்தது. ஸ்காட்லாந்து பக்கம் ஒரு தீவிலிருந்து. வருடத்துக்கு ஒரு முறை குளிர்காலத்துக்குப் பின்னல் புத்தகம் போடுகிறவர்கள். நான் இன்ஸ்டாகிராமில் ஏற்றிய குக்கர் மயிலை அவர்கள் எப்படியோ பார்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு டிசைன் வேண்டும், பனியும் கலைமானும் வேண்டாம், அது எங்களிடமே இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நூல் அவர்களே அனுப்புவார்கள். பின்னி முடித்த ஸ்வெட்டர் மே மாதக் கடைசிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கூடவே ஒரு போட்டோ. மாடல் எல்லாம் வேண்டாம், உங்கள் ஊர் ஆள் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற மாதிரி. கடைசி வரியில், டிசைன் செய்தவர் பெயர் அந்தப் பக்கத்தின் தலைப்பில் வரும் என்று இருந்தது. அந்த வரியை மட்டும் அக்கா என்னை ஐந்து முறை படிக்க வைத்தார்.

என்ன படம் போடுவது என்பதில் அதிகம் யோசனை இல்லை. மாசி, பங்குனி என்றால் எங்கள் ஊரே புளிதான். ஓடு தட்டுவது, நார் எடுப்பது, கொட்டை எடுப்பது என்று வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கதவுத் தாழ்ப்பாள்கூடப் பிசுபிசுவென்று இருக்கும். அக்கா புளியங்காயை வரைந்தார். முதல் துண்டைத் தொங்கவிட்டதும் ஒருவர் பல்லி என்றார். ஒருவர், "மாட்டாஸ்பத்திரி போஸ்டருங்களா? குடல் புழு தானே அது?" என்று நின்று விசாரித்தார். அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அப்புறம் காய்க்குள் கொட்டை இருக்கும் இடங்களில் மேடு வைத்து, ஓடு உடைந்த இடத்தில் கொஞ்சம் சிவப்புச் சதை தெரிய வைத்து, மேலே இரண்டு இலை போட்டார். ஐந்தாவது துண்டைத் தொங்கவிட்ட அன்று கீரை விற்கும் குள்ளம்மாள் கூடையோடு நின்று, "புளியங்கா தொங்குது பாரு, வாயில தண்ணி ஊறுது" என்றார். பிறகு ஒரு கண்டக்டர். பிறகு ஒரு டீச்சர். அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து கை தட்டியதில் டீச்சர் பயந்துவிட்டார்.

இந்த இடத்தில் பின்னலின் உள்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வரிசைக்கு இரண்டு நிறம். ஒரு நிறத்தில் பின்னும்போது இன்னொரு நிற நூல் துணிக்குப் பின்னால் சும்மா ஓடிவந்து தன் முறைக்குக் காத்திருக்கும். அந்த ஓட்டம் நீளமாகிவிட்டால் உள்ளே நூல் வளையம் வளையமாகத் தொங்கும், விரல் மாட்டும். அதனால் ஐந்து கண்ணிக்கு ஒரு முறை அதைத் துணியோடு கோத்துவிட வேண்டும். புளியங்காயோ நீளமான காய். உடம்பிலும் கழுத்திலும் அக்கா ஒழுங்காகக் கோத்தார். ஸ்வெட்டரின் இரண்டு கைகளுக்கு வரும்போது மே மாதத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டது. கோக்காமலேயே ஒன்பது ஒன்பது கண்ணிக்கு நூலை ஓடவிட்டு முடித்தார். "விரலை மடக்கிக் கையை உட்டாப் போயிடும். உள்பக்கம்தான, யாரு பாக்கறாங்க?" என்றார்.

ஸ்வெட்டர் முடிந்தது பதினேழாம் தேதி. இருபதாம் தேதி மாலை ஐந்து மணி வண்டியில் ஏற்றினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று கூரியர்காரர் சொல்லிவிட்டார். போட்டோவுக்கு மூன்று நாள் இருந்தது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது.

பதினெட்டாம் தேதி அண்ணன் போட்டுக்கொண்டார். "பார்டர்ல பன்னெண்டு வருசம் நின்னவன் நான், ஒரு தும்மல் போட்டதில்ல" என்று சொல்லித் தக்காளித் தோட்டத்தில் மண்வெட்டியோடு இறங்கினார். பார்டரில் அவர் பார்த்தது குளிர். இது வேறு. நான் லைட் பார்த்து முடிப்பதற்குள் முகம் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. ஒன்பதாவது நிமிடம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஸ்வெட்டரை உருவி அக்கா மேல் வீசிவிட்டு, பம்ப்செட் தொட்டியில் குதித்தார். எடுத்த போட்டோக்களில் அவர் போலீஸ் பிடித்துவந்த ஆள் போலவே இருந்தார். அன்று மாலை கழுத்தைச் சுற்றி வேர்க்குரு, அச்சு அசலாக டிசைன் வந்த இடத்தில் மட்டும். "பாரு தம்பி, பேட்டர்ன் எவ்ளோ சுத்தமா வந்திருக்குது" என்று அக்கா அதையும் போட்டோ எடுக்கச் சொன்னார்.

பத்தொன்பதாம் தேதி ஏ.டி.எம். அறைக்குப் போனோம். ஊரில் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஏ.சி. அது ஒன்றுதான். அண்ணன் ஸ்வெட்டரோடு உள்ளே நின்றார், நான் கேமராவோடு வெளியே நின்றேன். வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் படம் பிடிக்கிறார் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? செக்யூரிட்டி வந்து மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார். அண்ணனை அவருக்கு அடையாளம் தெரிந்ததால் அதோடு போயிற்று.

அன்று வீடு திரும்பும்போதுதான் எனக்குப் புளி குடோன் ஞாபகம் வந்தது. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. ஊரிலிருந்து கடத்தூர் போகிற சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. புளி கறுத்துப் போகாமல் இருக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பார்கள். உள்ளே ஐந்து டிகிரி. பத்துப் பெண்கள் அங்கே பெட்டி அடுக்குகிறார்கள். கணவரின் பழைய சட்டையைப் புடவை மேல் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறார்கள். மாவட்டத்திலேயே மே மாதத்தில் குளிரில் நடுங்குகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அக்கா இத்தனை வருடமாக வடக்கேயும் கடல் தாண்டியும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

இருபதாம் தேதி மதியம் இரண்டரைக்கு மூவரும் போனோம். மேஸ்திரி மாதப்பன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பத்துப் பேரில் யார் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சென்னம்மாள் என்பவர் முன்னால் வந்தார். ஐம்பது வயது இருக்கும், திடமான ஆள். கையை மடக்கி, குத்து விடுவது போல் ஒரே வீச்சில் இரண்டு கையையும் உள்ளே விட்டு, தலையை நுழைத்து, ஸ்வெட்டரை இடுப்புவரை இழுத்துக்கொண்டார். இழுத்ததும், "அய்யோ" என்றார். எல்லோரும் பயந்துவிட்டோம். "என்னாமா கதகதன்னு இருக்குதுடி!" என்றார் பக்கத்துப் பெண்ணிடம்.

இத்தனை வருடத்தில் அக்கா பின்னியதை ஊரில் ஒருவர் போட்டு, சுகமாக இருக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடோன் குளிர் கண்ணில் படுகிறது என்றார்.

போட்டோ எல்லாம் அருமையாக வந்தது. பெட்டியைத் தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் பார் என்று அரை மணி நேரம் எடுத்தேன். மூன்றேகாலுக்கு, "போதுங்க, கழட்டிக் குடுங்க" என்றேன். அவர் கையை உருவினார். கை வரவில்லை.

உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. சென்னம்மாள் ஒவ்வொரு கையிலும் பன்னிரண்டு கண்ணாடி வளையல் போட்டிருந்தார். பழைய சட்டையின் நீளக் கைக்குள் மறைந்திருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. கையை உள்ளே விட்டபோது சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருண்டு ஏறிவிட்டது. வெளியே வந்து வழுக்கிக்கொண்டு போன வளையல்கள், பெட்டி தூக்கி இறக்கியதில் மேலும் கீழும் ஓடி, அக்கா கோக்காமல் விட்ட நூல் வளையங்களை எல்லாம் ஒன்று விடாமல் அள்ளி மாட்டிக்கொண்டிருந்தன. இழுக்க இழுக்க இறுகியது. சுருண்ட சட்டைக் கையைக் கீழே இழுத்து வளையலை மூடவும் முடியவில்லை.

"உடைச்சி எடுத்துடலாங்க, புது வளையல் வாங்கிக்கலாம்" என்று மாதப்பன் சொல்லி வாய் மூடவில்லை, மற்ற ஒன்பது பெண்களும் அவர் மேல் பாய்ந்தார்கள். சென்னம்மாளின் மகளுக்கு நான்கு நாள் முன்புதான் வளைகாப்பு. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். அந்த வளைகாப்பில் மகள் கையால் போட்டுவிட்ட வளையல் இது. "பொறக்கற வரைக்கும் கழட்ட மாட்டேன், ஒண்ணுகூட ஒடைய வுட மாட்டேன்னு மாரியாயிகிட்ட சொல்லியிருக்கேங்க" என்றார் சென்னம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். உடைந்துவிடும் என்று கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்றார். அக்கா போட்ட அலறலில் அவர் பின்வாங்கிவிட்டார். அண்ணன், ராணுவத்தில் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள் என்று ஆரம்பித்து, ராணுவத்தில் இந்த மாதிரி நேரம் வந்ததே இல்லை என்று முடித்தார். நான் சென்னம்மாளையே சேர்த்துக் கூரியரில் அனுப்பிவிடலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், வாசலைத் தாண்டியதுமே நாற்பத்தொரு டிகிரி. அந்த உல்லனுக்குள் அவர் வெந்துவிடுவார். மறுபடி உள்ளேயே போனோம். மணி மூன்றே முக்கால்.

அக்கா ஸ்வெட்டர் கையின் விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நூலை வெட்டினால் கண்ணி அறுந்து ஓடும், ஸ்வெட்டர் போய்விடும். கண்ணாடியை உடைப்பது பேச்சே இல்லை. அந்த ஸ்வெட்டர் கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் ரகம். கை மணிக்கட்டில்தான் முடியும். முடிந்த இடத்திலிருந்து பிரிக்க ஆரம்பித்தால் ஒழுங்காக மேலே ஏறும். ஆனால் மறுபடி பின்ன ஒரு கைக்கு நான்கு நாள் வேண்டும். "தம்பி, நீங்க கையை நீட்டுங்க" என்றார் என்னிடம். முடிச்சை அவிழ்த்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். மூன்று மாதம் வாளியில் காலை விட்டு உட்கார்ந்து பின்னியது. ஒவ்வொரு புளியங்காயாக அவிழ்ந்து நூலாகி என் கைக்கு வந்தது. பழுப்பு என் கையில், வெள்ளை அண்ணன் கையில். நாங்கள் இருவரும் விறைத்துப்போய், பல் தந்தியடிக்க, கையை நீட்டிக்கொண்டு நின்றோம். அக்கா மெல்லிய பருத்திப் புடவையில் தரையில் முட்டி போட்டு, ஒவ்வொரு வளையலாக நூலிலிருந்து விடுவித்தார். ஒவ்வொன்று விடுபடும்போதும் பெண்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். இருபத்து நான்கும் முழுசாக வந்தது. சென்னம்மாள் அப்போதுதான் மூச்சு விட்டார்.

முழங்கை வரை பிரித்திருந்தது. அக்கா கொண்டையிலிருந்து ஊசிகளை உருவி, அந்த இடத்திலேயே இரண்டு கைக்கும் விளிம்பு கட்டி முடித்தார். மணி நான்கு நாற்பது. இப்போது கழற்றலாம். சென்னம்மாளோ கையை முன்னும் பின்னும் வீசிப் பார்த்தார். "இப்பத்தாங்க வேலைக்கு ஆவும். முன்ன மாதிரி நீளமா இருந்தா பெட்டியில இடிக்குது" என்று சொல்லி, மூலையில் மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். வளையல் குலுங்கியது. நான் கேமராவை எடுத்தேன். அன்று எடுத்ததில் அது ஒன்றுதான் போட்டோ, மற்றதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ்.

அண்ணன் எக்ஸெல் வண்டியில் பார்சலோடு பறந்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கூரியர் வண்டியில் ஏறியதாக போன் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. "பாதிக் கை ஸ்வெட்டர் யாருக்கு வேணும் தம்பி? பேரு போச்சு" என்றார்.

ஜூன் மாதம் மெயில் வந்தது. ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் கை முழங்கையோடு நிற்கிறதே, கட்டப்படத்தில் மணிக்கட்டு வரை இருக்கிறதே, இது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டிருந்தார்கள். நான், புதுமையான ஃபேஷன் சிந்தனை என்று ஆரம்பித்து நான்கு வரி இங்கிலீஷில் தட்டினேன். படித்துச் சொல்லுங்கள் என்றார் அக்கா. சொன்னேன். "பொய் எழுதாதீங்க தம்பி. நடந்ததை எழுதுங்க" என்றார். வளைகாப்பு, மாரியாயி, ஒன்பது கண்ணி, எல்லாவற்றையும் எழுதினேன். கட்டப்படத்தையும் முழங்கையோடு நிறுத்தித் திருத்திக் கொடுத்தார். பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அவர் வாளியில் தண்ணீர் பிடிக்கவில்லை.

எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

புத்தகம் இந்தத் தை மாதம் வந்தது. உறையைப் பிரித்ததே என் ஸ்டுடியோவில்தான். நாற்பத்திரண்டாம் பக்கம். தலைப்பில் யுவராணி, பாப்பிரெட்டிப்பட்டி. கீழே யார் பெயரும் இல்லை, மேலே யார் பெயரும் இல்லை. கட்டப்படத்தில் அறுபத்திரண்டாவது வரிசைக்குப் பக்கத்தில் பின்னுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே நிறுத்தவும், இதற்குப் பிறகு வளையல். அக்கா பெயர் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி, "சென்னம்மாக்குக் காட்டணும், வண்டியை எடுங்க" என்றார்.

குடோன் வாசலில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாளுக்கு ஆவணியிலேயே பேத்தி பிறந்துவிட்டாள். வளையல் மட்டும் கையிலேயே இருந்தது. பழகிவிட்டது, யாருக்காவது நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்றார். பெட்டி தூக்கும் போட்டோவை முதலில் காட்டினோம். "நாந்தான்டி" என்று எல்லோரிடமும் காட்டினார். எதிர்ப்பக்கத்தில் அந்தத் தீவுக்காரப் பெண் ஒருத்தி அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற படம். முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று வெறுமனே இருந்தது.

சென்னம்மாள் அந்தப் படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அய்ய, பாவம். வளையலுக்குன்னு எடம் வுட்டுட்டு, புள்ளைக்கு ஒரு வளையல்கூட போட்டு வுடலியே. மொட்டக் கையா நிக்குது பாருங்க" என்றார்.

எழுந்துபோய்க் குழாயடியில் சோப்புப் போட்டு, வலது கையிலிருந்து ஆறு, இடது கையிலிருந்து ஆறு கழற்றினார். துண்டில் துடைத்து அக்கா கையில் வைத்தார். "அனுப்பி வுடுங்க. எம்பேரைச் சொல்ல வேணாம். ஒங்க பேரைச் சொன்னாப் போதும், அதுக்குத் தெரியுமில்ல" என்றார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி, கண்ணாடி உடையாமல் அனுப்புவதற்கு நல்ல பெட்டியாக ஒன்று தேடினேன். வளையலுக்கு நடுவே திணிப்பதற்கு அக்கா உல்லன் கொடுத்தார்.